இல்லாத சாவின் துடக்கு

லோகேஸ்வரன் தோசை சுடுகிறவன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையின் முனையில் எங்கள் சைவக் கடை இருக்கிறது. நான் அங்கே தேங்காய் திருவுகிறவன், மூட்டை இறக்குகிறவன். சட்டி பானை கழுவ ஆள் வராத நாளில் அதையும் செய்கிறவன். அவனும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் இருக்கிறோம். விடிய ஒரே பஸ்ஸில் வருவோம், கடை பூட்டி ஒரே பஸ்ஸில் போவோம்.

கடைக்கு லீவு கிடையாது. பௌர்ணமிக்கு வருகிற போயா லீவுக்கும் திறப்பு. தைப்பொங்கலுக்கு மத்தியானம் வரை பூட்டு, பிறகு திறப்பு. லோகேஸ்வரனின் பெண்சாதி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளை மஸ்கெலியாவில் மாமியாரோடு வளர்கிறது. அவனுக்கு இருந்ததெல்லாம் தோசைக்கல்லும் எங்கள் அறையில் ஒரு பாயும்தான்.

அவனுக்கு என்னவோ நடக்கிறது என்பதை முதலில் பஸ்ஸில்தான் கண்டேன். கொண்டக்டரிடம் ஒரு பொம்பிளை "ரெண்டு" என்றாள். டிக்கட் கேட்டாள். லோகேஸ்வரன் திரும்பிப் பார்த்து, "வருது, வருது" என்றான். பஸ்ஸில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நித்திரையிலும் அவன் வலது கை வட்டம் போடும். மாவை ஊற்றிப் பரப்புகிற வட்டம்.

பிறகு காஸ் முடிந்த நாள் வந்தது. மத்தியானம், சனம் நிறைந்து கிடந்த நேரம். சிலிண்டர் முடிந்து அடுப்பு அணைந்துவிட்டது. கல் ஆறிக்கொண்டே போனது. லோகேஸ்வரனுக்கு அது தெரியவில்லை. ஊற்றினான், பரப்பினான், எண்ணெய் விட்டான், தட்டகப்பையால் கிளப்பினான். மா கூழாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மடித்துத் தட்டில் வைத்து உள்ளே அனுப்பினான். ஒன்றல்ல, பல. சாப்பிட வந்த ஒருவர் தட்டையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் முதலாளி சிவபாதசுந்தரம் வந்தார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துவாய்.

"என்னடாப்பா இது? பச்சை மாவை மடிச்சுக் குடுத்திருக்கிறாய். உனக்குக் கண் தெரியேல்லையோ?"

லோகேஸ்வரன் என்னைப் பார்த்து, "கல்லு சுடலையா அண்ணே?" என்று கேட்டான். கேட்டுவிட்டு உள்ளங்கையைக் கல்லின் நடுவில் வைத்தான். எடுக்கவில்லை. ஆறிய கல்தான். ஆனாலும் நான்தான் அவன் கையைப் பிடித்து எடுத்தேன்.

அடுத்த நாள் விடிய அவனைக் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். எப்போது கடைசியாக வேலைக்குப் போகாமல் இருந்தாய் என்று கேட்டார். லோகேஸ்வரன் யோசித்தான். டொக்டரும் காத்திருந்தார். அவன் விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தான். "குளிசை பிறகு பார்ப்பம். முதலில் போய்க் கொஞ்ச நாள் சும்மா இரும்" என்றார்.

அதை முதலாளியிடம் சொன்னான்.

"லீவோ? என்னத்துக்கு? காய்ச்சலோ, கை முறிஞ்சதோ?"

"இல்லீங்க முதலாளி. மனசு சரியில்ல."

"மனசு ஆருக்கடாப்பா சரியாயிருக்கு? எனக்குச் சரியாயிருக்கோ?"

"டாக்டரு சொன்னாரு..."

"டொக்டர் வந்து நிண்டு தோசை சுடுவாரோ? எனக்கு ஆர் லீவு தந்தது? இந்தக் கதிரையை விட்டு ஒரு நாள் நான் எழும்பிக் கண்டனியோ?"

நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. அது உண்மை. விடிய வந்து காசு மேசையில் இருந்தால் கடை பூட்டும்வரை அவரும் அங்கேதான். சாப்பாடும் அங்கேதான். மற்றவன் கேட்பது அவருக்கு நியாயமாகப் படாததில் புதினமில்லை.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மயிலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மலைநாட்டுப் பக்கம். வாய் சும்மா கிடக்காது.

"தம்பி, இந்தக் கடையில காய்ச்சலுக்கே லீவு இல்ல. மனசுக்கு எங்க கெடைக்கப் போவுது? வீட்டுல எழவு விழுந்தாத்தான் லீவு. அதையும் நீ கேக்க வேணாம், அவரே தொரத்தி விட்டுருவாரு. யாராச்சும் சாகக் கெடக்காங்களா, பாரு!"

அவள் பகிடிக்குச் சொன்னாள். ஆனால் சொன்னது சரி. சாவு விழுந்த குடும்பத்தாருக்கு மலைநாட்டில் தீட்டு என்பதை யாழ்ப்பாணத்தார் துடக்கு என்பார்கள். துடக்குக்காரன் கோயிலுக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகும் எதையும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு கோயிலுக்கு அன்னதானச் சோறு எங்கள் அடுப்படியிலிருந்து போகிறது. அதனால் முதலாளி இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அன்று திரும்பி வரும்போது லோகேஸ்வரன் பஸ்ஸில் வாய் திறந்தான்.

"அண்ணே, அப்பாவோட அண்ணன் செத்தா நமக்குத் தீட்டுதானே?"

"ஓம்."

"எங்க பெரியப்பா செத்துட்டாரு."

"எப்ப?"

"நான் இஸ்கூல் போறப்ப."

"அது எப்பவோ முடிஞ்ச துடக்கடா."

"முதலாளிக்கு அது தெரியுமா? உசுரோட உள்ள ஆளைச் செத்தாருன்னு சொன்னாத்தான் பாவம். செத்த ஆளைச் செத்தாருன்னு சொன்னா அது பொய்யாண்ணே?"

 அவனுக்கு வேண்டியிருந்தது மூன்று நாள். செத்தவீட்டுக்குப் போனேன், காடாற்றினேன், வந்தேன் என்று சொல்வதாக எண்ணம்.

விடிய முதலாளி சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். லோகேஸ்வரன் வாசலில் நின்றபடி சொன்னான். முதலாளி தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"தகப்பன்ரை கூடப்பிறந்த தமையனோ?"

"ஆமாங்க."

"அப்ப முழுத் துடக்கு. உள்ளுக்கை வராதை. அதிலையே நில். நமசிவாயம், மஞ்சள் தண்ணி எடு!" அந்தப் பேர் என்னுடையது. "போ லோகேசு. போய்ச் செய்ய வேண்டியதைச் செய். முப்பத்தொண்டு முடிய வா."

லோகேஸ்வரனின் முகம் மாறியது.

"முப்பத்தொன்னா? இல்லீங்க முதலாளி, நான் மூணு நாள்ல வந்துருவேன். எங்க பக்கம் பதினாறோட கருமாதி முடிஞ்சிரும். அதுக்கு முன்னாடியே..."

"உங்கடை பக்கம் பதினாறாய் இருக்கட்டும். என்ரை அடுப்படி யாழ்ப்பாணத்து அடுப்படி. முப்பத்தொண்டு."

"கல்லுல யாரு நிப்பா?"

"அது என்ரை பாடு."

அவனோடு ஒரே அறையில் இருக்கிற நான் நாளும் விடிய முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்கு வர வேண்டும் என்றார். சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இல்லை என்று அர்த்தம். மயிலம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். லோகேஸ்வரன் ஒழுங்கையில் நின்று கடையைப் பார்த்தான். பிறகு அறைக்குப் போனான். மஸ்கெலியாவுக்குப் போனால் ஏன் வந்தாய் என்று மாமியார் கேட்பாள்.

முதல் நாட்களில் அவன் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். நான் எழும்பும் முன் எழும்பி உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்பான். எங்கே போகிறாய் என்றால் தெரியாது. அறையைக் கூட்டினான். கூட்டிய அறையைத் திரும்பக் கூட்டினான். படிக்கட்டைக் கழுவினான். பக்கத்து வீட்டுக்காரர்களின் கரிச்சட்டிகளை வாங்கித் தேய்த்துக் கொடுத்தான். நான் வேலையால் வந்தால் வாசலிலேயே மறிப்பான்.

"கல்லுல யாருண்ணே?"

"முதலாளி."

"அவரா! மா புளிச்சிருந்திச்சா? சனம் கொறை சொல்லுச்சா?"

"சொல்லிச்சுது."

அதைக் கேட்டால் கொஞ்சம் அமைதியாவான்.

கீழ்த்தட்டில் குடையும் சூட்கேசும் திருத்துகிற ஸவாஹிர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், துக்கம் கேட்க வந்தார். லோகேஸ்வரனுக்கு அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அல்லாவே! முப்பத்தொரு நாளா? எங்கட ஆக்களுக்கு மூணு நாள்தான் துக்கம். அதோட கடயத் தொறந்திரணும். நீ எங்கட ஆளா இருந்திருந்தா நெனச்ச மாதிரியே முடிஞ்சிருக்கும்."

"இப்ப என்ன செய்ய, நானா?"

"என்ன செய்ய? அனுபவி. கெரம் விளையாடத் தெரியுமா?"

குவைத்திலிருந்து பெண்சாதி கோல் எடுத்தாள். போனைச் சத்தமாக வைத்துத்தான் கதைப்பான், எனக்கும் கேட்கும்.

"வீட்டுலயா இருக்கீங்க? இந்த நேரத்துலயா? யாரு செத்தா?"

"பெரியப்பா."

"அவருதான் எப்பவோ செத்துட்டாரே?"

"மறுபடியும் செத்துட்டாரு."

 அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவளை அந்த வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டுக் கூப்பிடும்வரை சிரித்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் நான் வேலைக்குப் போகும்போது அவன் எழும்பவில்லை. திரும்பி வந்தபோதும் அதே பாயில் கிடந்தான். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். வந்தது. வலது கை நெஞ்சின்மேல் கிடந்தது. வட்டம் போடவில்லை.

நித்திரை வந்தபின் மற்றவையும் வந்தன. சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "பருப்புல உப்புக் கூட அண்ணே" என்றான். முன்பெல்லாம் மண்ணைப் போட்டாலும் தின்றுவிட்டு எழும்புவான். ஒரு பின்னேரம் ஜன்னலில் நின்று கேட்டான்.

"அண்ணே, நம்ம வாசல்ல இந்த மாமரம் எப்ப வந்துச்சு?"

"அது நாங்கள் வர முந்தியே நிக்குது."

"பொய்!" என்று இறங்கிப்போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

கோயில் பக்கம் மட்டும் அவன் போகவில்லை. இல்லாத சாவுக்குத் துடக்கு உண்டா இல்லையா என்று அவனுக்குத் தெளிவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வீதியின் மற்றப் பக்கமாகவே நடந்தான்.

வெள்ளவத்தையில் அலுவல் வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி ஆள் தேடினார். வந்தவன் ஒருவன் மத்தியானத்தோடு போனான். மற்றவன் தேத்தண்ணி குடிக்கப் போய்த் திரும்பவில்லை. காசு மேசையில் மகன் உமாசுதனை இருத்திவிட்டு அவரே கல்லில் நின்றார். இளம் வயதில் தோசை சுட்டவர்தான், கை மறக்கவில்லை. கால்தான் மறந்துவிட்டது. பின்னேரமானால் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். ஏசுவதைக்கூட விட்டுவிட்டார். அவர் ஏசாத கடையில் நிற்க எங்களுக்குப் பயமாயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சனம் குறைந்ததும் கையைக் கழுவினார். சேர்ட்டைப் போட்டார்.

"நமசிவாயம், வெளிக்கிடு. லோகேசு ஊராலை வந்திட்டானெல்லோ, அவன்ரை வீட்டை போட்டு வருவம்."

"எதுக்கு முதலாளி?"

"எதுக்கோ? செத்தவீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வேண்டாமோ? இவ்வளவு நாளாய்ப் போகாமல் இருக்கிறனெண்டு சனம் என்னைக் காறித் துப்பாதோ? போட்டு வந்து முழுகினால் சரி."

லீவுக்கு ஒரு நாளும் கடையை விட்டுப் போகாதவர் துக்கம் விசாரிக்க வெளிக்கிட்டார்.  ஓட்டோவில் அவர் எனக்கு உரசிக்கொண்டு இருந்தார். போனை எடுத்து லோகேஸ்வரனுக்குச் சொல்ல வழியில்லை. பொய் பிடிபட்டால் அவனுக்கு வேலை போகும். வேலை போனால் அந்த அறையும் போகும். வேறு கடையில் கல் கிடைத்தாலும் திரும்ப முதலில் இருந்து அதே நிற்பு.

படியேறும்போதே மேலே சிரிப்புக் கேட்டது. லோகேஸ்வரனின் சிரிப்பு. ஸவாஹிர் கெரம் காயைத் தவறவிட்டிருக்க வேண்டும். முதலாளி படியில் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறினார்.

அவருடைய தலையைக் கண்டதும் சிரிப்பு அறுந்தது. ஸவாஹிர் பலகையைக் கக்கத்தில் இடுக்கினார். "வாங்கொ முதலாளி, இரிங்கொ" என்று சொல்லிக்கொண்டே காய்களைப் பொறுக்காமல் இறங்கிப் போய்விட்டார். லோகேஸ்வரன் அறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையைச் சுவரோடு போட்டான். அவன் கன்னம் நிரம்பியிருந்தது. அதை மறைக்க அவனால் முடியவில்லை.

"தேத்தண்ணி போடவாங்க?"

"துடக்கு வீட்டிலை வாய் நனைக்கிறேல்லை."

யாழ்ப்பாணத்தார் செத்தவீட்டில் உடனே கதைக்கத் தொடங்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பதுதான் மரியாதை. முதலாளி கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நாங்கள் பாயில் இருந்தோம். மேலே காற்றாடி சுற்றியது. ஜன்னலால் துறைமுகப் பக்கத்துக் காற்று வந்தது. அவர் தலை ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. திரும்பச் சரிந்தது. பிறகு நிமிரவில்லை.

"முதலாளி தூங்கிட்டாரு" என்றான் லோகேஸ்வரன், குசுகுசுவென்று.

"ஓம்."

"எழுப்பவா?"

"எழுப்பி என்னத்தைச் சொல்லப் போறாய்?"

"விழுந்துருவாரு அண்ணே."

அவன் மெதுவாக எழும்பித் தன் தலையணையைச் சுவருக்கும் அவர் தலைக்கும் இடையில் வைத்தான். வீங்கிய கால்களைத் தூக்கி என் பெட்டியின்மேல் வைத்தான். அவர் அசையவில்லை. சேர்ட் பொக்கற்றில் போன் துடித்துத் துடித்து நின்றது. உமாசுதனாக இருக்கும். அதற்கும் எழும்பவில்லை. வாய் திறந்து கிடந்தது. விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. அவரை இவ்வளவு கிட்ட இருந்து அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வயசான மனிதர்.

வெயில் ஜன்னலை விட்டுப் போன பிறகுதான் கண் திறந்தார். தான் எங்கே இருக்கிறார் என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்சம் சென்றது. கால் பெட்டிமேல் இருப்பதைப் பார்த்தார். தலையணையைத் தொட்டுப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"கண்ணயந்து போனன் போல."

"ஆமாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த அலுவலைத் தொடங்கினார். "பெரியப்பாவுக்கு என்ன வருத்தம்?"

லோகேஸ்வரன் நெஞ்சு வலி என்றிருக்கலாம், சீனி வருத்தம் என்றிருக்கலாம். "தூங்கி எழும்பின மனுசன்கிட்ட பொய் சொல்ல வாய் வரல" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

"வருத்தம் ஒன்னும் இல்லீங்க முதலாளி. அவரு நான் சின்னப் பையனா இருக்கப்பவே செத்துட்டாரு. எனக்கு நிக்க முடியல. அதான்."

முதலாளி பெட்டிமேல் கிடந்த கால்களைக் கீழே இறக்கினார். கீழே ஸவாஹிர் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப இப்ப ஒருத்தரும் சாகேல்லை."

"இல்லீங்க."

"துடக்கும் இல்லை."

"இல்லீங்க."

"அப்ப தேத்தண்ணி குடிக்கலாம். ஊத்து."

லோகேஸ்வரன் எழும்பித் தண்ணி கொதிக்க வைத்தான். சீனியைப் பாதி கோப்பையிலும் பாதி பாயிலும் போட்டான். முதலாளி தேத்தண்ணியை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடித்தார். அவர் நடுவில் போனைப் பார்க்காமல் தேத்தண்ணி குடித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"நாளைக்கே வந்துர்றேன் முதலாளி."

"வராதை! ஐயரிட்டைச் சொல்லிப்போட்டன். கடைக்கு வாற சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டன். முப்பத்தொண்டு முடிய முந்தி உன்னைக் கல்லிலை கண்டால் என்னை என்னெண்டு நினைப்பினம்? துடக்கைக் கலந்த கடையெண்டு பேர் வராதோ? இரு. முடிச்சுப்போட்டே வா."

அவர் எழும்பினார். அப்போது லோகேஸ்வரன் வாசலில் வழி விடாமல் நின்றான். அவன் அப்படி நிற்கிறவன் அல்ல.

"வர்றேன் முதலாளி. ஆனா வந்து மறுபடியும் அதே மாதிரி நின்னா, மறுபடியும் யாரையாச்சும் சாகடிக்கணும். எங்கிட்ட செத்த சொந்தம் கொஞ்சப் பேருதான் மிச்சம்."

முதலாளி அவனைக் கையால் விலக்கினார். செருப்பைப் போட்டார். படியில் இரண்டு மூன்று இறங்கிவிட்டுத் திரும்பி, "போட்டு வாறன்" என்றார். செத்தவீட்டிலிருந்து எழும்புகிறவன் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, பேசாமல்தான் போவான். லோகேஸ்வரன் அதைக் கேட்டுவிட்டுப் பாயில் குந்திவிட்டான். அப்படிக் கேட்டும் வேலை போகவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

துடக்கு முடிந்து அவன் கல்லுக்கு வந்தான். வந்த கிழமையே காசு மேசைக்கு மேலே ஒரு மட்டை தொங்கியது. திங்கட்கிழமை பின்னேரம் தோசை இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. சனம் கேட்டது. திங்கட்கிழமை விரதம் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் கூடவே கேட்டார்கள்.

"ஏன் ஐயா இல்லை?"

"கல்லு களைச்சுப் போகும்" என்றார் முதலாளி. "ஒரு பின்னேரம் ஆறவிட்டால்தான் மற்ற நாளில் தோசை ஒட்டாமல் எழும்பும்."

அது உண்மையா என்று மயிலம்மாவைக் கேட்டேன். "இரும்புக்கு என்னய்யா களைப்பு?" என்றாள். ஆள் களைக்கும் என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. கல் களைக்கும் என்று சொல்ல வந்தது. திங்கட்கிழமை மத்தியானத்தோடு லோகேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கையால் கடல் பக்கம் இறங்கிப் போகிறான். முதலாளியும் அந்த நேரம் கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கண்ணை மூடுகிறார். காசு கொடுக்க வருகிறவர்கள் மேசையில் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

தேங்காய்க்கு அப்படி ஒரு பின்னேரமும் இல்லை. இடியப்பத்துக்கும் சம்பல் வேண்டும். திருவுகிற மெஷின் திங்கட்கிழமையும் ஓடும். மயிலம்மா என் முதுகைப் பார்த்துவிட்டு, நீயும் போய்க் கேள் என்கிறாள். கேட்கத்தான் வேண்டும். என்னைச் சொல்லிக் கேட்பதா, மெஷினைச் சொல்லிக் கேட்பதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.